மாறுகொளக் கூறலும் வழுவமைதியும்

விழா மலருக்குத் தமிழ்க் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, அவர்கள் எதிர்பார்த்தது சிலம்பையோ குறளையோ பற்றிய ஒன்றாகவே இருந்திருக்கும். யாம் எழுதப் புகுந்ததோ ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி. விடுதி மண்டபத்தில் எம்மோடு நன்னூல் ஒப்பித்த பழைய நண்பர்கள் நகைப்பார்கள். நகைத்தபின் படிப்பார்களாக. இதற்குக் காரணமாயினான் எம் மாணாக்கன் ஒருவன். ஆதலின் அவனிடமிருந்தே தொடங்குவாம்.

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். ஒருநாள் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகா எனக் கூறப்பட்ட பத்துக் குற்றங்களை விளக்கிக்கொண்டிருந்தோம். மாறுகொளக் கூறல் என்பது முன்னர்க் கூறியதற்கு மாறாகப் பின்னர்க் கூறுதல் எனச் சொல்லி, எடுத்துக்காட்டுத் தருமாறு கேட்டோம். பின் வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "சேர், ஒருவருக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று வயது, பதினெட்டு வருஷம் கழித்து அவருக்குத் தொள்ளாயிரம் வயது. அது மாறுகொளக் கூறலா?" என்று வினவினான். வகுப்பு முழுதும் சிரித்தது. யாமும் சிரித்தோம் என்பதை இங்கு மறைத்தற்கில்லை. "உட்கார்" என்றோம். அவன் உட்கார்ந்தான், அத்தவணை முடியும்வரை வேறு வினா எதுவும் கேட்டிலன்.

கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்யும் தமையன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியில் அவன் 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கதைத் தொடரைப் பார்த்து வந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவன் சொன்ன கணக்கும் பொய்யன்று. 1987இல் ஒளிபரப்பான கதை ஒன்றில் அத்தொடரின் நாயகர்க்கு வயது 953. 2005இல் ஒளிபரப்பான பகுதியில் 900. வினா நல்ல வினா. விடை கூறும் கடப்பாடு எம்முடையதாயிற்று. விடுமுறை முழுதும் அத்தொடரைப் பற்றிப் படித்தும் பார்த்தும் யாம் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

தொடரைப் பற்றி அறியாதார்க்குச் சில சொற்கள். பி.பி.சி. நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இதனைத் தொடங்கினர். அதற்கு முந்திய நாளிலேதான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் அடுத்த வாரம் முதற்பகுதியை மறுபடியும் காட்டிய பின்னரே இரண்டாம் பகுதியைக் காட்டினர். வேற்றுலகத்தவராகிய டாக்டர் என்பவர் காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் கலம் ஒன்றில் திரிகின்றார். அக்கலம் வெளியே பார்ப்பார்க்கு நீல நிறப் பொலிஸ் கூண்டு; உள்ளே புகுவார்க்குப் பெரிய மாளிகை. 1989இல் தொடர் நின்றது. 1996இல் தனிப்படம் ஒன்றாக மீண்டது. 2005 முதல் புதிதாகத் தொடங்கிற்று.

முதல் நாயகராய் நடித்த வில்லியம் ஹார்ட்னெல் என்பார் மூன்றே ஆண்டில் உடல் நலிவுற்றார். நாயகரின்றித் தொடரில்லை. என் செய்வது? 1966 ஒக்டோபரில், டாக்டரின் இனத்தார் சாகும் தறுவாயில் உடலும் முகமும் குணமும் மாறி வேறு உருக்கொள்வர் என்று கதையில் ஒரு வழி செய்து, பட்ரிக் ட்ரவுட்டன் என்பாரை அவ்விடத்தில் நிறுத்தினர். ஒரு நடிகரின் நோயே அத்தொடரின் ஆயுளை நீட்டித்தது என்னலாம். இதனை நினைவிற் கொள்க. இத்தொடரில் முரண்போலத் தோன்றுவனவற்றுட் பெரும்பாலானவை இவ்வாறு கதைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றனால் விளைந்தவை.

முரண்கள் பல. அவற்றுள் அன்பர்கள் மிக நெடுங்காலம் வழக்காடியது பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் என்னும் படைத்தலைவரின் காலக் கணக்கே. இதனைச் சற்று விரித்துக் கூறுவாம். ஏனையவற்றுக்கு இதுவே மாதிரியாகும்.

1967இல் வந்த கதையொன்று 1935ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் நிகழ்கின்றது. அதில் ட்ரவர்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் ஒருவர் வருகின்றார். 1968இன் தொடக்கத்தில் வந்த மற்றொரு கதையில் அவரே முதியவராய் இலண்டனில் இருக்கின்றார். மலையில் நடந்தது நாற்பது ஆண்டுகட்கு முன்பு எனப்படுகின்றது. ஆகவே அக்கதையின் காலம் ஏறக்குறைய 1975. பிரிகேடியர் முதன்முதல் தோன்றுவது அக்கதையிலேதான். 1968இன் இறுதியில் வந்த கதையில், அது நான்கு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது என அவர் கூறுகின்றார். ஆகவே இது 1979. அதாவது, எழுதியோர் தம் காலத்துக்குப் பத்தாண்டளவு முன்னே கதையை நிறுத்தினர். 1975இல் வந்த கதையில் டாக்டரின் துணைவியாகிய சாரா என்பாள் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்று சொல்லுவதும் இதற்கு இயைந்தது.

இனி 1983ஆம் ஆண்டுக் கதைக்கு வருவாம். அதில் பிரிகேடியர் ஓய்வு பெற்று ஆண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கின்றார். கதையின் ஒரு பாதி 1977இல், எலிசபெத் அரசியாரின் வெள்ளி விழா நாளில் நிகழ்கின்றது. அவர் படையினின்று ஓய்வு பெற்றது அதற்கு முந்திய ஆண்டில், 1976இல். 1979இல் படை நடத்தியவர் 1976இலேயே ஓய்வு பெற்றது எங்ஙனம்?

இம்முரண் தோன்றிய வரலாறு முரணினும் சுவையுடையது. அக்கதை முதலில் பிரிகேடியர்க்காக எழுதப்பட்டதன்று. தொடரின் முதற்பகுதியிலேயே வந்த இயன் செஸ்டர்டன் என்னும் விஞ்ஞான ஆசிரியரை இருபதாண்டுக்குப் பின் மீட்டுக் கொணர்வதே நோக்கம். ஆசிரியராதலின் அவரைப் பாடசாலையில் வைத்தனர். அது முற்றும் பொருத்தம். அவராக நடித்த வில்லியம் ரஸ்ஸல் வர இயலவில்லை. பிரிகேடியராக நடித்த நிக்கலஸ் கோர்ட்னி வந்தார். பாடசாலை அப்படியே இருந்தது, ஆசிரியர் மாறினார். காலக் கணக்கு அப்பொழுது நொறுங்கிற்று. படைத்தலைவர் ஒருவர் ஓய்வு பெற்றுக் கணிதம் கற்பிக்க வந்தது எமக்கு வியப்பன்று. எம் பாடசாலையிற் பத்தாண்டாக வெற்றிடமாயிருக்கும் கணித ஆசிரியர் பதவிக்கும் அப்படி ஒருவர் வந்தால் வரவேற்போம்.

இத்தகைய தொடரை எழுதுவோர் முன்னர் வந்ததைத் திரும்பிப் பாராததேன் என்று வினவலாம். பார்க்க இயலாது என்பதே விடை. 1960களில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்தது. ஒளிபரப்பான கதைகளை அழித்து அந்நாடாவிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தனர். இவ்வாறு அழிந்தவற்றுள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இன்றும் கிடைத்தில. வீடுதோறும் ஒளிப்பதிவுக் கருவி வரும் காலம் பின்னரே. ஒரு கதை ஒளிபரப்பாயிற்றென்றால் காற்றோடு போயிற்று என்றே எழுதுவோரும் பார்ப்போரும் எண்ணினர். பின்னாளில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் கணக்கெழுதும் கூட்டம் ஒன்று வருமென அவர்கள் கனவிலும் கருதியிலர்.

போனவற்றுட் சில மீண்டதும் ஒரு கதை. 1967இல் வந்த சைபர்மென் கதை ஒன்று 1991இல் ஹொங்கொங்கில் அகப்பட்டது. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் கிடைத்தன. ஒளி அழிந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கின்றது. வீட்டில் இருந்த இரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்தமையே காரணம். தாமோதரம்பிள்ளையவர்களும் சாமிநாதையரவர்களும் செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்ததைப் படித்து வளர்ந்த நமக்கு இவ்வுழைப்பின் அருமை தெரியாததன்று. பொருளின் பெருமை வேறு. தேடியோரின் நெஞ்சம் ஒன்றே.

ஏனைய முரண்களை விரைந்து சொல்லிச் செல்வாம். அத்திலாந்திசு என்னும் பழந்தீவு இத்தொடரில் 1967, 1971, 1972 ஆகிய ஆண்டுக் கதைகளில் மூன்று வெவ்வேறு காரணங்களால் அழிந்ததாகக் கூறப்படுகின்றது. கடல்கோளால் இரு சங்கங்களை இழந்து மூன்றாவதை நிறுவிய மரபினராகிய நாம் இதற்குப் பெரிதும் கலங்க வேண்டுவதில்லை. இனி, 1976 சனவரியில் வந்த கதையில் முதல் டாக்டர்க்கும் முன்னே வேறு பல முகங்கள் காட்டப்பட்டன. அவை அத்தொடரைத் தயாரித்தோரும் நெறிப்படுத்தினோரும் முதலியோரின் முகங்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த கதை, டாக்டரின் இனத்தார் பன்னிரு முறைக்கு மேல் உருமாற இயலாது என்று எல்லை கட்டிற்று. விளையாட்டாய்க் காட்டிய முகங்களுக்குக் கதைக்குள்ளேயே பொருள் கூறப்பட்டது 2020 மார்ச்சில். இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள். பன்னிரு முறை எல்லையைத் தாண்டப் புதிய உயிர்ச்சுற்று அளித்தது 2013இன் நத்தார்க் கதை.

இங்கு நம் இலக்கண நூலார் கண்ட ஒன்றை நினைத்தல் வேண்டும். அவர் சொற்களை வழாநிலை, வழு என இரண்டாகப் பகுத்ததோடு நின்றாரல்லர். வழுவமைதி என மூன்றாவதொன்றும் வகுத்தனர். ஒருவன் தன் பசுவைக் கண்டு 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணைவழு. ஆயினும் உவப்பினால் அவ்வாறு கூறினான் என்னும் காரணம் உண்மையின் அது வழுவன்று என அமைத்துக்கொள்ளப்படும். காரணம் இல்லாதவிடத்து வழு வழுவே. எமக்கு இப்பகுதி எப்பொழுதும் பிடித்தது. இலக்கணத்தைக் கொடிய சட்டமென எண்ணும் மாணாக்கர்க்கு இதனையே முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

தொடரின் அன்பர்கள் அறுபதாண்டாகச் செய்து வருவது இவ்வழுவமைதி காணும் தொழிலேயாம். முரண் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு வினா. அதற்கு விடை நடிகரின் நோய், நாடாவின் விலை, எழுதியவரின் மறதி என்பன. கதையுலகத்துக்குள் அம்முரண் எவ்வாறு முரணாகாமல் இருத்தல் கூடும் என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் குழப்புவோர் பலர். ரஸ்ஸல் வரவில்லை என்பது பிரிகேடியரின் ஓய்வு ஆண்டுக்கு வரலாற்றுக் காரணமாகலாம். கதைமாந்தராகிய பிரிகேடியர்க்கு ரஸ்ஸலைத் தெரியாதே!

இரண்டாம் வினாவுக்கு அன்பர்கள் கூறும் விடைகளும் ஒரு தரத்தனவல்ல. 'காலத்தில் திரிபவர் கதையாதலின் காலம் எங்கோ மாறிவிட்டது' என்பது ஒரு விடை. இஃது எதற்கும் பொருந்தும். ஆதலின் எதனையும் விளக்காது. தேர்வில் எவ்வினாவுக்கும் 'இறைவன் திருவருள்' என எழுதும் மாணாக்கனின் விடை போன்றது. ட்ரவர்ஸ் ஞாபகமறதி மிக்க கிழவர், 'நாற்பதாண்டு' என்று அவர் சொன்னதை நாட்குறிப்பாகக் கொள்ளற்க என்பது மற்றொன்று. இது நல்ல விடை. கதையில் முன்னரே காட்டப்பட்ட அவர் குணத்தினின்று பிறந்தது. புதிய பொருளைக் கொணராமல் உள்ளதைக் கொண்டே முடிச்சை அவிழ்ப்பது நல்லுரையாசிரியர் இயல்பு. இன்னொரு வகையும் உண்டு. அது நகைத்து ஒப்புக்கொள்ளுதல். 2013இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கதையில், பிரிகேடியரின் மகள் தன் தந்தையின் பழங்கோப்பு ஒன்றைக் கேட்கும்பொழுது, எழுபதுகளிலோ எண்பதுகளிலோ தேடுக, அஃது ஆண்டு குறிக்கும் முறையைப் பொறுத்தது என்ற கருத்துப்படப் பேசுகின்றாள். அறியாதார்க்கு அது வெறும் அலுவலகப் பேச்சு. அறிந்தார்க்கோ முப்பதாண்டு வழக்கின் தீர்ப்பு!

இவ்வகை முரண் இத்தொடர்க்கே உரியதன்று. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கிளிங்கன் என்னும் இனத்தார் நம்போன்ற நெற்றியுடையர். 1979இல் திரைப்படம் எடுக்கப் பணம் கிடைத்ததும் அவர்க்கு நெற்றியில் மேடும் பள்ளமும் முளைத்தன. 1996இல் இதுபற்றி வினவப்பட்ட கிளிங்கன் ஒருவன், அதனைப் பிறரோடு யாம் பேசுவதில்லை என்னும் பொருள்படச் சொல்லி வாயடைத்தான். அதனோடு விட்டிருக்கலாம். 2005இல் நோய்க்கிருமி ஒன்றைக் காரணமாக்கி இரு பகுதிகளில் விரித்து விளக்கினர். எமக்கு 1996இன் விடையே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது.

விஞ்ஞானக் கதை உலகத்தில் இதனை வேறு வழியிற் கையாண்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் அவர்களே அவர். 1968இல் வெளிவந்த '2001' என்னும் அவருடைய நூலில் விண்கலம் சனிக்கோளுக்குச் செல்கின்றது. அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய அதே கதையின் திரைப்படத்தில் வியாழனோடு நிற்கின்றது. சனியின் வளையங்களை நம்பத்தகுமாறு படமாக்க அக்காலத்தில் இயலாமையே காரணம். 1982இல் அடுத்த நூலை எழுதியபொழுது அவர் தம் நூலைக் கைவிட்டுத் திரைப்படத்தைப் பின்பற்றினார். பின்னொரு நூலின் முன்னுரையில், இவற்றை ஒரே வரலாற்றின் பாகங்களாகக் கொள்ளாமல் ஒரே பொருளின் வேறுபாடுகளாகக் கொள்க என்னும் கருத்துப்படத் தெளிவாகச் சொல்லிவிட்டார். 1979இல் எழுதிய நூலிலோ இன்னும் துணிந்தார். பூமியிலிருந்து விண்ணுக்கு ஏணிபோன்றதொரு பாதை அமைக்கும் அக்கதைக்கு நிலநடுக்கோட்டில் ஒரு மலை வேண்டும்; ஆதலின் இலங்கைத் தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, சிவனொளிபாதமலையின் உயரத்தை இருமடங்காக்கி, இவ்வாறு செய்தேன் என நூலிலேயே கூறிவிட்டார். எம் பாடசாலை முற்றத்தில் நின்று தெளிந்த காலைகளில் அம்மலையைப் பார்க்கும்பொழுது எமக்கு இது நினைவுக்கு வரும். மலை 2243 மீற்றரோடு பேசாமல் நிற்கின்றது.

வழுவைத் தாமே முன்வந்து சொல்லிவிடும் ஆசிரியர்க்கு உரைகாரர் வேண்டா. ஆனால் எல்லார்க்கும் அவ்வசதி வாய்ப்பதில்லை.

பிரிகேடியரின் மூன்றாண்டுக் கணக்கை ஓரிரவு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, எம் பாட்டனாரின் கணக்கு நினைவில் எழுந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இந்திய வழியினர் இந்நாட்டுப் பிரசாவுரிமைக்கு மனுச்செய்வதாயின், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னே மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்தமையைக் காட்டல் வேண்டும். இடையறாமை! தொடரின் அன்பர்கள் தேடுவதும் அதுவேயன்றோ? எம் பாட்டனார் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெயர்ந்தவர். ஒரு தோட்டத்துப் பேரேட்டில் அவர் பெயர் ஒருவகையாகவும் மற்றதில் வேறுவகையாகவும் எழுதப்பட்டிருந்தது. வயதும் ஒவ்வாது. இரண்டுக்கும் இடையே எட்டு மாதம் எந்தப் பேரேட்டிலும் அவர் இல்லை. தமையனாரின் லயக் காம்பராவில் நோயாய்க் கிடந்தார் என்று எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பெயரெழுதிய கணக்கப்பிள்ளை இருவர். ஒவ்வொருவரும் தம் காதிற்பட்டவாறு எழுதினர். வயதைக் கேட்டார் எவருமிலர். முகம் பார்த்துக் குறித்தனர். ட்ரவர்ஸின் நாற்பதாண்டுக்குச் சொன்ன விடையினும் இவை எளிய விடைகள். கேட்பார் இருந்திலர். மனு தள்ளப்பட்டது. அன்று மனுக்களில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்; அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. எம் தந்தையார்க்குப் பிரசாவுரிமை கிட்டியது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. பாட்டனார் அதற்கு இருந்திலர்.

கற்பனைப் படைத்தலைவர் ஒருவரின் மூன்றாண்டைப் பொருத்துதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ இரவு விழித்திருந்தனர் என்பதை யாம் குறையாகச் சொல்லவில்லை. அவ்விழிப்பைக் கண்டு எமக்குப் பொறாமையே உண்டாயிற்று.

மாணாக்கனின் வினா எஞ்சி நிற்கின்றது. தவணை தொடங்கிய முதல் வாரத்திலேயே அவனை ஆசிரியர் அறைக்கு அழைத்து, அன்று சிரித்தமைக்கு வருந்துகின்றோம் என்றோம். அவன் கூசி நின்றான். பின் விடை கூறினோம்: 2013இன் ஐம்பதாம் ஆண்டுக் கதையில் டாக்டரே, ஆயிரத்து இருநூறும் சொச்சமும் இருக்கும், தாம் வயதைப் பற்றிப் பொய் சொல்லுகின்றோமா என்பதே நினைவில்லாத அளவுக்கு வயதாகிவிட்டது என்னும் கருத்துப்படச் சொல்லுகின்றார், ஆதலின் 953ஐயும் 900ஐயும் ஆசிரியர் கூற்றாகக் கொள்ளாது கிழவர் ஒருவரின் கூற்றாகக் கொள்க, கதைமாந்தர் மறதியால் மாறிக் கூறுதல் நூலாசிரியர்க்குக் குற்றமாகாது, வழுவமைதி என்க.

அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். "சரி சேர். ஆனால் 1967இல் நானூற்று ஐம்பது என்கிறார். 1970இல் பல ஆயிரம் வருஷம் வாழ்ந்ததாகச் சொல்கிறார். பிறகு 1976இல் எழுநூற்று நாற்பத்தொன்பது. மறதி என்றால் ஐம்பது வருஷம் பிழைக்கலாம். ஆயிரக்கணக்கில் பிழைக்குமா?" என்றான்.

இரண்டு நாள் தவணை கேட்டிருக்கின்றோம்.